டெரன் ஷானின் 12 புத்தக வம்பயர் தொடர்: எந்த வரிசை, விடுபட்ட பாகங்கள், கழண்ட ஒற்றைகள்

களுதாவளை வாசகி:

டெரன் ஷானின் வம்பயர் தொடரை முழுசாச் சேர்க்கிற வேலை நடக்குது. கொழும்பு மருதானைப் பழைய புத்தகக் கடைகளில இருந்து ஒரு கட்டு வந்திருக்கு. தொடரில 1, 2, 3, 4, 6, 7, 8, 9, 11, 12 இருக்கு. ஐந்தும் பத்தும் இல்ல. அதே எழுத்தாளரின் பேர் போட்ட இன்னும் ரெண்டு புத்தகம் கட்டுக்குள்ள கிடக்கு: 'லோர்ட் லொஸ்', 'பர்த் ஒஃப் எ கில்லர்'.

வாசிக்கப்போறது 13 வயசிலயும் 15 வயசிலயும் ரெண்டு பிள்ளைகள். மறுகா அவங்கட கூட்டாளிமார் கைக்கும் போகும். கேட்க வேண்டியது இதுதான்:

'பர்த் ஒஃப் எ கில்லர்' முன்கதை எண்டு அட்டையில போட்டிருக்கு. அப்ப அதில இருந்து துவங்கிறதா? ஐந்தையும் பத்தையும் விட்டுட்டு வாசிச்சா கதை விளங்குமா? முதலாம் புத்தகத்தில முன்பக்கம் இருபது ஒற்றை அளவில கழண்டு போச்சு. நாலாம் புத்தகம் நடுவில ரெண்டாப் பிளந்து நிக்குது. ஒன்பதுக்கு அட்டை மட்டும் தனியா வந்திட்டு. கொப்பி கட்டுற கடையில கேட்டா, தைச்சு மூண்டு பக்கமும் வெட்டித் தாறம் எண்டாங்க. குடுக்கலாமா? வீடு கடற்கரைப் பக்கம். மாரியில பூஞ்சணம் பிடிக்கும். அதுக்கும் ஒரு வழி சொல்லுங்க.

இரவுவாசி:

தங்கச்சி, முன்கதையில துவங்கவே வேண்டாம். இந்தத் தொடர் 2000ஆம் ஆண்டு 'சேர்க் டு ஃப்ரீக்'கில துவங்கி 2004இல 'சன்ஸ் ஒஃப் டெஸ்டினி'யோட முடிஞ்சது. 'பர்த் ஒஃப் எ கில்லர்' வந்தது 2010இல. அது தொடரில வாற லார்ட்டன் க்ரெப்ஸ்லி எண்ட வம்பயரின் இளமைக்காலத்தைச் சொல்லுற நாலு புத்தகத்தில முதலாவது. கடைசி 2012இல வந்தது. கால வரிசைப்படி முந்தின கதைதான், ஆனா எழுதினவர் 12ஐயும் வாசிச்சு முடிச்ச ஆளை நினைச்சு எழுதியிருக்கிறார். முதல் மூணு புத்தகத்தில க்ரெப்ஸ்லி ஆர், அவரை நம்பலாமா எண்டு பிள்ளைக்குத் தெரியக்கூடாது. அந்தச் சந்தேகத்திலதான் கதை ஓடுது. முன்கதையை முதலே வாசிச்சவங்களுக்கு அந்தப் பயம் வராது, ஒன்பதாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களும் வேற மாதிரித்தான் விழும். இதுக்கு மேல சொன்னா ரகசியம் உடைஞ்சிடும்.

12ஐயும் மூண்டு மூண்டா நாலு தொகுப்பாப் பாருங்க. முதல் மூண்டும் ஓரளவு தனித்தனிக் கதைகள், ஒண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில மூச்சு விட இடம் இருக்கு. நாலு, ஐந்து, ஆறு அப்பிடி இல்ல. வம்பயர் மலையில நடக்கிற ஒரே நீளமான கதையை மூண்டா வெட்டி வச்ச மாதிரி. ஐந்தாம் புத்தகம் 'ட்ரயல்ஸ் ஒஃப் டெத்' நிற்கிற அந்தக் கணத்திலேயே ஆறாவது 'த வம்பயர் பிரின்ஸ்' துவங்கும். ஐந்து இல்லாம ஆறைத் துறந்தா, கதைநாயகப் பெடியன் ஏன் அந்த இடத்தில கிடக்கிறான், ஆர் ஆரைக் காட்டிக் குடுத்தது ஒண்டும் விளங்காது. ஏழு, எட்டு, ஒன்பதும் அதே மாதிரித்தான். எட்டில நிப்பாட்டிப்போட்டு ஒரு கிழமை விட்டுட்டு ஒன்பதை எடுக்கிற ஆளைக் காணக்கிடைக்காது.

பத்தாம் புத்தகம் 'த லேக் ஒஃப் சோல்ஸ்' பற்றிப் பல பேர் 'இடைச்செருகல், தாண்டலாம்' எண்டு சொல்லுவாங்க. முக்கிய போர்க்கதை அங்க நகராது, கதைநாயகன் தன்ர கூட்டாளி ஹார்கட்டோட வேற ஒரு நிலத்துக்குப் போற பயணம் அது, உண்மைதான். ஆனா ஹார்கட் ஆர் எண்ட கேள்விக்கு விடை அங்கதான் இருக்கு. பன்னிரண்டில அந்த நிலம் என்ன எண்டு தெரிய வரும்போது பத்தை வாசிக்காதவர் வெறுமனே தலையாட்டிட்டுப் போவார். வாசிக்காம விடக்கூடாத புத்தகம் எண்டுதான் நான் சொல்லுவன்.

விடுபட்டதைத் தனியாத் தேடி அலையாதீங்க. மூண்டு மூண்டாச் சேர்த்துக் கட்டின தொகுப்புப் பதிப்பும் இருக்கு. 'வம்பயர் ரைட்ஸ்' எண்டது 4 தொடக்கம் 6 வரை, 'வம்பயர் டெஸ்டினி' எண்டது 10 தொடக்கம் 12 வரை. ரெண்டையும் எடுத்தா ஓட்டை ரெண்டும் அடைபடும். செப்டெம்பரில பண்டாரநாயக்க மண்டபத்தில நடக்கிற புத்தகக் கண்காட்சிக்குப் போற ஆரிட்டயாவது சொல்லி வைக்கலாம். வாங்கும்போது ஒண்டைக் கவனிங்க. பிரித்தானியப் பதிப்பு ஹார்ப்பர் கொலின்ஸ், அமெரிக்கப் பதிப்பு லிட்டில் பிரவுன். அமெரிக்கப் பதிப்பில தொடருக்கே 'சேர்க் டு ஃப்ரீக்' எண்டுதான் பேர், முதல் புத்தகத்துக்கு 'எ லிவிங் நைட்மேர்' எண்டு போட்டிருப்பாங்க. பேரைப் பார்த்து வேற புத்தகம் எண்டு நினைச்சு ஒரே கதையை ரெண்டு தரம் வாங்கிப்போடுவாங்க. பாக எண் ரெண்டிலயும் ஒண்டுதான்.

'லோர்ட் லொஸ்' இந்தத் தொடரே இல்ல. அது 'டெமொனாட்டா' எண்ட பேய்த் தொடரின் முதலாவது, 2005இல வந்தது, மொத்தம் பத்து. தேடுபொறியில 'டெரன் ஷான்' எண்டு அடிச்சா எல்லாம் கலந்து வரும். கதைநாயகனின் பேரும் எழுத்தாளரின் பேரும் ஒண்டே எண்டதால இந்தக் குழப்பம் இன்னும் கூடும். 'டெமொனாட்டா'வில ரத்தமும் குடலும் இதைவிடக் கனக்க. 13 வயசுப் பிள்ளைக்கு இப்போதைக்கு அதை மேல் தட்டில வைங்க.

2009இல வந்த படத்தைக் காட்டி ஆசை மூட்டலாம் எண்டு நினைக்க வேண்டாம். முதல் மூண்டு புத்தகத்தையும் ஒரே பானையில போட்டுக் கலக்கி, வயசையும் உறவையும் மாத்தி எடுத்தது. அடுத்த பாகமும் வரல்ல. படக்கதையா வேணுமெண்டா தக்காஹிரோ அராய் வரைஞ்ச மங்கா 12 தொகுதியா இருக்கு, கதைக்கு அது எவ்வளவோ கிட்ட.

கல்முனைக் காக்கா:

கடைக்குக் குடுக்காதீங்க தங்கச்சி. குடுத்தாலும் 'தைக்க வேண்டாம், வெட்ட வேண்டாம்' எண்டு எழுதிக் குடுங்க. காரணம் இருக்கு.

கொப்பிக் கடைக்காரர் முதுகில இருந்து ஏழெட்டு மில்லிமீட்டர் உள்ளுக்குத் துளை போட்டுப் பக்கவாட்டில தைப்பார். கணக்குப் புத்தகத்துக்கு அது நல்லம், ஒற்றை பெரிசு, ஓரம் விட்டிருக்கும். கதைப்புத்தகத்தில உள் ஓரம் ஒண்டு, ஒண்டரை சென்ரிமீட்டர்தான். தையல் அதில பாதியைத் திண்டிடும். மறுகா புத்தகம் விரியாது. பிள்ளைகள் பலமா அமத்தி விரிப்பாங்க, ஒற்றை தையல் கோட்டோட கிழியும். வெட்டினா ஒவ்வொரு பக்கத்திலயும் ரெண்டு மூண்டு மில்லிமீட்டர் போகும், பக்க எண் விளிம்பில தொங்கும். 12உம் தட்டில நிற்கும்போது மூண்டு மட்டும் கட்டையாத் தெரியும்.

இந்தப் புத்தகங்கள் ஏன் உடையுது எண்டால், இதில தையலே இல்ல. ஒற்றைகளின் முதுகைச் சுரண்டிப்போட்டு, சூடாக்கின பிளாஸ்டிக் பசையை ஒரு தரம் பூசி அட்டையை ஒட்டுறாங்க. வருசம் போகப்போக அந்தப் பசை இறுகி நொறுங்கும். அட்டையைப் பின்னால மடிச்சு ஒரு கையால வாசிச்சா அந்த இடத்தில வெடிக்கும். வெயிலில நிற்கிற வாகனத்துக்குள்ள விட்டா பசை இளகி ஒற்றை சரியும்.

உங்கட மூண்டுக்கும் மூண்டு வைத்தியம்.

ஒன்பது லேசான வேலை. ஒற்றைக் கட்டு உறுதியா இருக்கெண்டு ரெண்டு கையால மெல்ல அசைச்சுப் பாருங்க. உறுதியெண்டா முதுகில ஒரு பூச்சு, முன்னும் பின்னும் முதல் ஒற்றையின் முதுகோரத்தில ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கோடு. அட்டையை வச்சு, கரண்டியின் பின்பக்கத்தால முதுகைத் தேயுங்க. பாரம் வச்சு ஒரு இரவு விடுங்க.

நாலு ரெண்டாப் பிளந்ததுதான், ஆனா ரெண்டு பாதியும் தனித்தனியாக் கெட்டி எண்டால் பயமில்ல. பிளந்த இடத்தில பொருக்காக் கிடக்கிற பழைய பசையை எடுத்துப்போட்டு, ரெண்டு மூண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு மெல்லிசாப் பூசி, மூடி, மேசையில முதுகைத் தட்டி நேராக்குங்க. பிளவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஒற்றை தள்ளி எண்ணெய்க் கடதாசி வைக்க மறக்கக்கூடாது. பசை பிதுங்கி அடுத்த ஒற்றையைப் பிடிச்சா எழுத்தோட உரியும். 24 மணித்தியாலம் பாரத்துக்குள்ள.

முதலாம் புத்தகம்தான் உண்மையான வேலை. ஒண்டு ரெண்டு ஒற்றை எண்டால் ஓரத்தில கோடு இழுத்துச் செருகலாம். இருபது ஒற்றையை அப்பிடி ஒண்டோட ஒண்டு ஒட்டினா, ஒவ்வொண்டும் மற்றதை இழுக்கும், முன்பக்கம் மட்டும் முதுகு தடிச்சுப் புத்தகம் கோணும். அதனால முழுசையும் பிரிச்சுத் திருப்பிக் கட்டுங்க.

தேவையானது: புத்தகத்தைவிட நீளமான பலகைத் துண்டு ரெண்டு, ஜி கிளாம்ப் ரெண்டு, ஒரு அங்குல பிரஷ், 80ஆம் நம்பர் அரத்தாள், பாமசியில விக்கிற காயத்துக்குச் சுத்துற பண்டேஜ் சீலை, வெள்ளை பைண்டர் கம். கம்மை அப்பிடியே பாவிக்கலாம். தடிப்பா இருந்தா பத்துப் பங்குக்கு ஒரு பங்கு தண்ணி, அதுக்கு மேல வேண்டாம். தண்ணி கூடினா ஒற்றை அலையலையா நெளியும், திரும்பச் சமனாகாது.

அட்டையைக் கழட்டி வைங்க. முதுகில ஒட்டியிருக்கிற பழைய பசைக்கு முடி காயவைக்கிற டிரையர் சூடு காட்டினா இளகி உரியும். ஒற்றைகளை மேசையில தட்டி, முதுகையும் தலைப்பக்கத்தையும் நேராக்கிப் பலகைக்குள்ள பிடிங்க. அரத்தாளால முதுகைச் சொரசொரப்பாக்குங்க. நார் வெளியில தெரியணும், இல்லாட்டி கம் மேலால நிக்கும், உள்ளுக்குப் பிடிக்காது. இப்ப கிளாம்பை முதுகில இருந்து நாலைந்து சென்ரிமீட்டர் கீழ இறக்கி, முதுகுப்பக்கத்தை விசிறி மாதிரி ஒரு பக்கம் வளைங்க. ஒவ்வொரு ஒற்றையும் ஒரு மில்லிமீட்டர் அளவு வெளியில தெரியும். அதுக்கு மேல கம் பூசுங்க, நடுவில இருந்து ரெண்டு நுனிக்கும். மற்றப் பக்கம் வளைச்சு அதே மாதிரி. நேராக்கி, கிளாம்பை முதுகுக்குக் கிட்ட ஏத்தி இறுக்கி, பண்டேஜ் சீலையை முதுகளவுக்கு வெட்டி வச்சு மேலால இன்னொரு பூச்சு. ரெண்டு பக்கம் வளைச்சுப் பூசுறதாலதான் ஒவ்வொரு ஒற்றையும் பக்கத்து ஒற்றையின் ஓரத்தையும் பிடிச்சுக்கொள்ளுது. முதுகில மட்டும் பூசினா மூண்டாம் ஆள் வாசிக்கும்போது திருப்பி உதிரும்.

செலோடேப், சுப்பர் குளூ ரெண்டையும் கிட்ட எடுக்காதீங்க. டேப் நம்மட வெக்கைக்கு ஒழுகி மஞ்சளாகும், அந்தப் பிசின் கடதாசிக்குள்ள ஊறினா ஒருவராலயும் எடுக்கேலாது. சுப்பர் குளூ கண்ணாடி மாதிரி இறுகி, முதல் தரம் விரிக்கும்போதே கடதாசியை வெட்டும். கோதுமைமாப் பசை காய்ச்சுறவங்க இருக்காங்க. நல்ல பசைதான், ஆனா கடற்கரை வீட்டில அது பூச்சிக்குச் சாப்பாடு.

களுதாவளை வாசகி:

காக்கா, ஹாட்வெயாரில வெள்ளைக் கம் நாலைந்து விதமா இருக்கு. தச்சு வேலைக்கு எண்டும் ஒண்டு தாறாங்க. எதை எடுக்கிற?

கல்முனைக் காக்கா:

போத்தலில எழுதினதை விட்டுட்டு இப்பிடிச் சோதிங்க. சொப்பிங் பேக்கில ஒரு விரலகலம் தடவி ஒரு இரவு காயவிடுங்க. காலையில தோலா உரிச்சு எடுத்து ரெண்டு மூண்டு தரம் நல்லா மடிங்க. றப்பர் மாதிரி வளைஞ்சா புத்தகத்துக்கு உதவும். வெடிச்சா அது பலகைக்குத்தான், இறுகிப் போற வகை. பள்ளிப் பிள்ளைகளின் கம் போத்தல் தண்ணி கூட, அது வேண்டாம்.

வேலையைக் கச்சான் காத்து அடிக்கிற காலத்தில செய்யுங்க. கடதாசியும் காய்ஞ்சிருக்கும், கம்மும் கெதியில பிடிக்கும். மாரியில கடதாசி ஏற்கெனவே ஈரத்தைக் குடிச்சு ஊதியிருக்கும். அந்த நிலையில ஒட்டினா, மறுகா காயும்போது சுருங்கி முதுகு சுளியும்.

வாவியோரம்:

பூஞ்சணத்துக்கு நான் சொல்லுறன் அக்கா. காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்றா பூஞ்சணம் வளரும். கார்த்திகை தொடக்கம் தை வரை நம்மட பக்கம் அதுக்குக் கீழ இறங்கிறதே அரிது. அதனால ஈரத்தை நிப்பாட்டிறதை விட, காத்து தேங்காம பார்க்கிறதுதான் நடக்கக்கூடிய காரியம். கடல் பக்கச் சுவரில அலுமாரியைச் சாத்த வேண்டாம். உள்சுவரில, ஐந்து சென்ரிமீட்டர் இடைவெளி விட்டு வைங்க. புத்தகங்களை இறுக்கி அடுக்காதீங்க, ஒரு விரல் நுழையுற அளவு தளர்வா நிற்கட்டும்.

ஈரம் குடிக்கிற சிலிக்கா ஜெல் மணி பற்றிக் கட்டாயம் ஆரும் சொல்லுவாங்க. மூடின பெட்டிக்கு மட்டும்தான் அது. ரப்பர் விளிம்பு வச்ச பிளாஸ்டிக் பெட்டியில, நல்ல காய்ஞ்ச நாள் பின்னேரம் பார்த்து அடுக்கி, 12 புத்தகத்துக்கு 200 கிராம் போட்டா மாரி முழுக்கத் தாங்கும். ஒவ்வொரு நாளும் திறந்து மூடுற பெட்டியில அது ரெண்டு கிழமையில செத்துப்போகும். செம்மஞ்சள் மணி வாங்குங்க, ஈரம் குடிச்சா பச்சையாகும். நீல நிற மணியில கோபால்ட் குளோரைட் இருக்கு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குச் சரியில்ல. நிறம் மாறினா 120 பாகை அவணில ரெண்டு மணித்தியாலம் வச்சுத் திரும்பப் பாவிக்கலாம். அரிசி போட்டு வைக்கிறது வேண்டாம், வண்டு வரும். பூச்சி உருண்டை போட்டா மணம் ஒற்றைக்குள்ள ஏறும், பிள்ளைகள் முகத்துக்குக் கிட்ட வச்சு வாசிக்கிற சாமான் அது.

ஏற்கெனவே பிடிச்ச பூஞ்சணத்தை ஈரச் சீலையால துடைக்க வேண்டாம். அது விதையை உள்ளுக்குத் தேய்க்கும். முதல் நிழலில, மின்விசிறிக் காத்தில காயவிடுங்க. தொட்டாத் தூளாப் பறக்கிற நிலைக்கு வந்த பிறகு, முற்றத்தில காத்துக்கு முதுகு காட்டி நிண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு மென்மையான பிரஷால முதுகில இருந்து வெளிப்பக்கமாத் தட்டுங்க. வெயிலில விரிச்சுப் போட்டா மலிவுக் கடதாசி பழுத்து மஞ்சளாகும், அட்டை சுருளும்.

பழைய கட்டோட ராமபாணப் பூச்சியும் வந்திருக்கலாம். ஓரத்தை மேலால சுரண்டின மாதிரி இருந்தா அதுதான். புத்தகத்தைக் காத்து வெளியேத்தின, சிப் இழுத்து மூடுற பொலித்தீன் பேக்கில போட்டு டீப் ஃப்ரீசரில, கழிச்சல் 18 பாகையில, ரெண்டு கிழமை வைங்க. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் சின்ன ஐஸ் தட்டு அந்தக் குளிருக்குப் போகாது. வெளியில எடுத்த உடனே பேக்கைத் துறக்காதீங்க, ஒரு நாள் அப்பிடியே கிடக்கட்டும். உடனே துறந்தா அறைக் காத்தின் ஈரம் குளிர்ந்த கடதாசியில வியர்த்து நிற்கும், பூச்சியைக் கொன்றுபோட்டு பூஞ்சணத்தைக் கூப்பிட்ட கணக்கு.

வெள்ளம் வந்து நனைஞ்சாலும் இதே ஃப்ரீசர்தான். ரெண்டு நாளுக்குள்ள காயவைக்க ஏலாத புத்தகத்தில பூஞ்சணம் துவங்கிடும். உறைய வச்சா நேரம் கிடைக்கும், மறுகா ஒவ்வொண்டா எடுத்துக் காயவைக்கலாம்.

அக்கரை வாசகி:

வரிசை பற்றி இரவுவாசி அண்ணன் சொன்னது சரி, ஒண்டு மட்டும் சேர்க்கிறன். 'டுவைலைட்' எண்ட வம்பயர் காதல் படத்தைப் பார்த்துட்டு வாற பிள்ளை எண்டால் முதலே சொல்லி வைங்க, இதில காதல் கறிக்கு உப்பளவுதான். நட்பும் துரோகமும் போரும்தான் கதை. ரெண்டாம் புத்தகத்தில ஒரு சாவு வரும், கொடூரமா எழுதப்பட்டது. 13 வயசுப் பிள்ளை அதை வாசிக்கிற கிழமையில பக்கத்தில ஒருவர் கதைக்கத் தயாரா இருந்தா நல்லம்.

இந்த உலகத்தின் விதிகளை ஒரு துண்டில எழுதி முதல் புத்தகத்துக்குள்ள வைக்கலாம், இடையில விட்டுட்டுத் திரும்பி வாற பிள்ளைக்கு உதவும். அரை வம்பயருக்கு ஐந்து வருசத்துக்கு ஒரு வயசு ஏறும், முழு வம்பயருக்குப் பத்து வருசத்துக்கு ஒண்டு. ரத்தம் குடிக்கிறதுக்கு ஆளைக் கொல்ல வேண்டியதில்ல. ஆளைக் கொன்று குடிக்கிறவங்கதான் வம்பயர்மாரிட்ட இருந்து பிரிஞ்சு போன வம்பனீஸ், அவங்கட தோல் ஊதா நிறம். துவக்கு, அம்பு மாதிரித் தூரத்தில இருந்து கொல்லுற ஆயுதம் ரெண்டு பகுதிக்கும் விலக்கு. வம்பயர்மாரின் பேரவை கூடுறது 12 வருசத்துக்கு ஒருக்கா. வம்பயரைப் படம் எடுக்க ஏலாது. வயசுக் கணக்கு விளங்காததாலதான் ஏழாம் புத்தகத்துக்குப் பிறகு 'இவன் இன்னும் சின்னப் பெடியனா?' எண்டு பலர் தடுமாறுறாங்க.

கைமாத்தும்போது நாலு, ஐந்து, ஆறை ஒரே ஆளிட்ட மொத்தமாக் குடுங்க. ஏழு, எட்டு, ஒன்பதையும் அப்பிடித்தான். தனித்தனியாக் குடுத்தா, எட்டை முடிச்ச பிள்ளை ஒன்பதை வச்சிருக்கிற பிள்ளையின் வீட்டுப் படலையில நிற்கும்.

களுதாவளை வாசகி:

நன்றி எல்லாருக்கும். 'வம்பயர் ரைட்ஸ்' தொகுப்பு ஒண்டு கொழும்பில இருக்கெண்டு தகவல் கிடைச்சிருக்கு. மூண்டு கதையும் ஒண்டா இருக்கிற தடிச்ச புத்தகம், அதின் முதுகு தாங்குமா? கைமாறும்போது அட்டைக்கு ஒட்டுற பிளாஸ்டிக் உறை போடலாமா?

கல்முனைக் காக்கா:

தடிச்சதுதான் கெதியில வெடிக்கும். கையில வந்த உடனே வாசிக்கக் குடுக்காம முதல் பழக்குங்க. முதுகை மேசையில நிப்பாட்டி, முன்னட்டையையும் பின்னட்டையையும் மேசையில படுக்க வச்சு, முன்னால இருபது ஒற்றை, பின்னால இருபது ஒற்றை எண்டு மாறி மாறி விரலால அமத்திக்கொண்டு நடுவுக்கு வாங்க. பாரம் முதுகு முழுக்கப் பரவும், ஒரே இடத்தில பிளக்காது. பழைய பிரதி எண்டால் இதை மெல்லச் செய்யுங்க. நொறுங்கிற சத்தம் கேட்டா நிப்பாட்டிப்போட்டு முதலாம் புத்தகத்துக்குச் சொன்ன வழிக்குப் போங்க.

ஒட்டுற உறை வேண்டாம். ஒருக்கா ஒட்டினா கழட்டும்போது அட்டையின் படமும் வரும், வெக்கையில ஓரம் சுருண்டு மண் பிடிக்கும். கொப்பிக்குப் போடுற ஒட்டாத பொலித்தீன் உறையை, ரெண்டு பக்கமும் ஆறு சென்ரிமீட்டர் உள்ளுக்கு மடிச்சுப் போடுங்க. டேப்பை உறையில மட்டும் ஒட்டுங்க, அட்டையில படக்கூடாது. மாரியில ஒருக்கா கழட்டி உள்ளுக்கு ஈரம் வியர்த்திருக்கா எண்டு பாருங்க.

திருப்பிக் கட்டின முதலாம் புத்தகத்தை மூண்டு நாள் கழிச்சுக் குடுத்தாப் போதும். குடுக்க முதல் நடுவில ஒரு ஒற்றையைப் பிடிச்சு மெல்ல மேல இழுத்துப் பாருங்க. புத்தகம் முழுசா ஒற்றையோட எழும்பினா வேலை சரி.